வண்ணப் படச்சுருளிலிருந்து கறுப்பு வெள்ளை ஒளிப்படம்

வண்ணப் படச்சுருளிலிருந்து கறுப்பு வெள்ளை ஒளிப்படம் உருவாக்குதல் என்பது, காட்சியை வண்ணப் படச்சுருளில் பதிவு செய்து, பின்னர் இருட்டறையிலோ கணினியிலோ அதிலிருந்து கறுப்பு வெள்ளைப் படத்தைப் பெறும் ஒளிப்படவியல் நுட்பம் ஆகும். கறுப்பு வெள்ளைப் படச்சுருளைப் பயன்படுத்தும்போது, எந்த நிறம் எவ்வளவு அடர்ந்த சாம்பலாக மாறும் என்பது படம் பிடிக்கும் நொடியிலேயே முடிவாகிவிடுகின்றது. படச்சுருளின் தன்மையும், வில்லையின் முன் பொருத்தப்படும் ஒளி வடிகட்டியும் அதனைத் தீர்மானிக்கின்றன. வண்ணப் படச்சுருளில் இம்முடிவைப் படம் பிடித்த பின்னரும் எடுக்கலாம். ஒரே படத்திலிருந்து வெவ்வேறு முடிவுகளையும் பெறலாம். இதுவே இந்நுட்பத்தின் முதன்மையான பயன் ஆகும். வண்ணப் படத்தைத் தாங்கி நிற்கும் சாயங்கள் வெள்ளியைப் போல் நெடுங்காலம் நிலைப்பதில்லை என்பது இதன் முதன்மையான குறை ஆகும்.

வண்ணப் படச்சுருளின் அமைப்பு

வண்ணப் படச்சுருள் என்பது அடிப்படையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட மூன்று கறுப்பு வெள்ளைப் பதிவுகள் ஆகும். இக்கருத்து ஜேம்ஸ் கிளார்க் மாக்சுவெல்லிடமிருந்து தொடங்குகின்றது. சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் வழியாகத் தனித்தனியே எடுக்கப்பட்ட கறுப்பு வெள்ளைப் படங்களை, அதே நிற ஒளிகளில் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக விழச்செய்து வண்ணப் படத்தைப் பெறலாம் என அவர் 1861 ஆம் ஆண்டில் இலண்டனில் செய்து காட்டினார். அதற்கான படங்களை எடுத்தவர் தாமஸ் சட்டன் ஆவார். 1932 ஆம் ஆண்டில் அறிமுகமான டெக்னிகலர் நிறுவனத்தின் மூவண்ணத் திரைப்படக் கருவியும் காட்சியை மூன்று தனித்தனிக் கறுப்பு வெள்ளைப் படச்சுருள்களிலேயே பதிவு செய்தது. பிற்கால வண்ணப் படச்சுருள்கள் இம்மூன்று பதிவுகளையும் ஒரே சுருளில் அடக்கின.

வழக்கமான வண்ண நெகட்டிவ் படச்சுருளில் பின்வரும் படலங்கள் மேலிருந்து கீழாக அமைந்துள்ளன:

* நீல ஒளியை உணரும் படலம்: இதில் மஞ்சள் சாயம் உருவாகும்.
* மஞ்சள் வடிகட்டிப் படலம்: இது நீல ஒளி கீழுள்ள படலங்களை அடையாதவாறு தடுக்கும்.
* பச்சை ஒளியை உணரும் படலம்: இதில் மெஜந்தா சாயம் உருவாகும்.
* சிவப்பு ஒளியை உணரும் படலம்: இதில் சயான் சாயம் உருவாகும்.

படச்சுருளைக் கழுவும்போது, ஒளி பட்ட வெள்ளி ஹேலைடு முதலில் வெள்ளியாக மாறுகின்றது. அவ்வினையில் ஆக்சிசனேற்றம் அடைந்த டெவலப்பர், படலத்தில் உள்ள இணைப்பு வேதிப்பொருளுடன் சேர்ந்து சாயத்தை உண்டாக்குகின்றது. அதன்பின் வெள்ளி முழுவதும் நீக்கப்பட்டுச் சாயம் மட்டுமே எஞ்சுகின்றது. கோடாக் நிறுவனம் 1972 ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய சி-41 முறை இதற்கான பொதுமுறையாக விளங்குகின்றது. இதில் டெவலப்பரின் வெப்பநிலை 37.8 பாகை செல்சியசு. வழக்கமான கால அளவு 3 நிமிடம் 15 நொடி.

மெஜந்தா, சயான் சாயங்கள் தமக்கு உரியதல்லாத நிறங்களையும் ஓரளவு உறிஞ்சுகின்றன. இப்பிழையைச் சரிசெய்ய, இணைப்பு வேதிப்பொருட்களுக்கே நிறமூட்டும் முறை கையாளப்படுகின்றது. வண்ண நெகட்டிவ் முழுவதும் செம்மஞ்சள் நிறத்தில் தோன்றுவது இதனால்தான். செம்மஞ்சள் மறைப்பு எனப்படும் இவ்வமைப்பு வண்ண அச்சுக்குத் துணைபுரிகின்றது. கறுப்பு வெள்ளை அச்சுக்கோ பெரும் தடையாகின்றது.

முறைகள்

1. சாதாரணக் கறுப்பு வெள்ளைத் தாளில் அச்சிடுதல்

வண்ண நெகட்டிவை என்லார்ஜரில் இட்டு, வழக்கமான கறுப்பு வெள்ளைத் தாளில் அச்சிடுவது மிக எளிய முறை ஆகும். இதில் மூன்று சிக்கல்கள் உள்ளன.

முதலாவது, ஒளியூட்டும் நேரம். இத்தாள்கள் நீல ஒளியையும் சில வகைகளில் பச்சை ஒளியையும் மட்டுமே உணர்கின்றன. இருட்டறையில் சிவப்பு விளக்கு எரிய முடிவதும் இதனால்தான். செம்மஞ்சள் மறைப்பு, தாள் உணரக்கூடிய ஒளியைத் தடுத்து, உணராத ஒளியையே பெரிதும் கடத்துகின்றது. ஆகவே ஒளியூட்டும் நேரம் பல மடங்கு நீள்கின்றது.

இரண்டாவது, நிறங்களின் திரிபு. நீலத்தை மட்டும் உணரும் தாளுக்கு மஞ்சள் சாயப் படலம் மட்டுமே "தெரிகின்றது". சிவப்புப் பொருள் நெகட்டிவில் சயான் சாயமாகப் பதிவாகின்றது. சயான் நீல ஒளியைத் தடையின்றிக் கடத்துவதால், தாளில் அவ்விடம் கறுத்துவிடும். நீல வானம் மஞ்சள் சாயமாகப் பதிவாகி நீல ஒளியைத் தடுப்பதால், தாளில் வெளுத்துவிடும். இதனால் உதடுகள் கருமையாகவும், முகத்தின் செம்மையும் மருக்களும் மிகைப்பட்டும், மேகங்கள் வானத்தில் கலந்தும் தோன்றும். 19 ஆம் நூற்றாண்டின் கண்ணாடித் தகடுகளில் எடுக்கப்பட்ட படங்களிலும் இதே தோற்றத்தைக் காணலாம். அவையும் நீலத்தையே பெரிதும் உணர்ந்தன.

மூன்றாவது, ஒளி நிழல் வேறுபாட்டின் குறைவு. வண்ண நெகட்டிவ்கள் அதிக வேறுபாடு காட்டும் வண்ணத் தாளுக்கென வடிவமைக்கப்பட்டவை. சாதாரணத் தாளில் அவை மங்கலாக, சாம்பல் படர்ந்து தோன்றும். இதனை ஈடுசெய்ய 4 அல்லது 5 ஆம் தரத் தாள் பயன்படுத்தப்படுகின்றது. வடிகட்டிகளின் மூலம் தரத்தை மாற்றக்கூடிய தாள்களில் சிக்கல் மேலும் கூடும். அவற்றில் நீல ஒளி வேறுபாட்டைக் கூட்டும், பச்சை ஒளி குறைக்கும். செம்மஞ்சள் மறைப்பு நீலத்தையே மிகுதியாகத் தடுப்பதால், அது தாளின் தரத்தைத் தானாகவே இறக்கிவிடுகின்றது.

2. பான்குரோமாட்டிக் தாளில் அச்சிடுதல்

எல்லா நிறங்களையும் உணரும் தாள் பான்குரோமாட்டிக் தாள் எனப்படும். கோடாக் நிறுவனத்தின் பனலூர் இவ்வகையில் பரவலாக அறியப்பட்டது. வண்ண நெகட்டிவிலிருந்து இயல்பான சாம்பல் நிறங்களுடன் கறுப்பு வெள்ளைப் படம் பெறுவதற்கென்றே இது தயாரிக்கப்பட்டது. செய்தித்தாள்கள் கறுப்பு வெள்ளையில் அச்சான காலத்தில், வண்ணத்தில் எடுத்த படத்தைப் பக்கத்துக்கு ஏற்றவாறு மாற்ற இது உதவியது.

இத்தாளின் சிறப்பு, என்லார்ஜரிலேயே வடிகட்டியைப் பயன்படுத்த முடிவதாகும். சிவப்பு ஒளியில் அச்சிட்டால் சயான் படலம் மட்டும் படிக்கப்பட்டு, நீல வானம் கருமையாகி, மேகங்கள் எடுப்பாகத் தோன்றும். படம் பிடித்தபோதே சிவப்பு வடிகட்டியைப் பொருத்தியதற்கு இது ஏறக்குறைய ஒப்பானது. மறுபுறம், இத்தாளைக் கிட்டத்தட்ட முழு இருளிலேயே கையாள வேண்டும். கோடாக் நிறுவனம் தன் கறுப்பு வெள்ளைத் தாள்களின் உற்பத்தியை நிறுத்துவதாக 2005 ஆம் ஆண்டில் அறிவித்தது. அக்காலத்துடன் பனலூரும் வழக்கொழிந்தது.

3. சிலைடுகளிலிருந்து படியெடுத்தல்

சிலைடு எனப்படும் வண்ண நேர்ப்படங்களில் செம்மஞ்சள் மறைப்பு இல்லை. இவற்றைக் கறுப்பு வெள்ளைப் படச்சுருளில் படியெடுத்து, கிடைக்கும் நெகட்டிவை வழக்கம்போல் அச்சிடலாம். படியெடுக்கும்போது வெவ்வேறு நிற வடிகட்டிகளைப் பயன்படுத்தி, ஒரே சிலைடிலிருந்து பல வகைப் படங்களைப் பெற முடியும். சிலைடுகள் ஒளியளவில் ஏற்படும் பிழைகளைப் பொறுப்பதில்லை என்பதால், மூலப்படம் சரியான ஒளியளவில் எடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

4. கணினி வழி மாற்றம்

படச்சுருளை வருடியின் மூலம் கணினிக்கு மாற்றினால், சிவப்பு, பச்சை, நீலத் தடங்கள் மூன்றும் தனித்தனியே கிடைக்கின்றன. செம்மஞ்சள் மறைப்பையும் மென்பொருள் நீக்கிவிடும். கிம்ப், ஃபோட்டோஷாப் முதலிய மென்பொருட்களில் தடங்களை விரும்பிய விகிதத்தில் கலப்பதற்கான வசதி உள்ளது.

கண்ணின் உணர்திறனுக்கு ஏற்பச் சாம்பல் அளவைக் கணிக்கப் பரவலாகப் பயன்படும் வாய்பாடு பின்வருமாறு:

சாம்பல் = 0.299 × சிவப்பு + 0.587 × பச்சை + 0.114 × நீலம்

இவ்வாய்பாட்டை மட்டும் நம்பினால் ஏற்படும் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு செம்பூவின் அளவுகள் (200, 40, 40) எனவும், அதன் பின்னுள்ள இலையின் அளவுகள் (40, 122, 40) எனவும் கொள்வோம்.

* மேற்கண்ட வாய்பாடு: பூ 88, இலை 88
* சிவப்புத் தடம் மட்டும்: பூ 200, இலை 40
* பச்சைத் தடம் மட்டும்: பூ 40, இலை 122
* நீலத் தடம் மட்டும்: பூ 40, இலை 40
* 0.6, 0.3, 0.1 என்ற கலவை: பூ 136, இலை 65

முதல் முறையில் பூ இலைக்குள் மறைந்துபோகின்றது. இரண்டாவதில் கரிய இலைகளின் நடுவே வெண்பூவாகவும், மூன்றாவதில் வெளிறிய இலைகளின் நடுவே கரும்பூவாகவும் தோன்றுகின்றது. கறுப்பு வெள்ளைப் படச்சுருளில் இவற்றுள் ஒன்றை மட்டுமே, அதுவும் முன்கூட்டியே தெரிவு செய்ய முடியும்.

நீலத் தடத்தில் பொதுவாகக் குருணைத்தன்மை மிகுதியாக இருக்கும். குண்டு பல்பு ஒளியில் பகலொளிப் படச்சுருளைக் கொண்டு எடுத்த படங்களில் நீலப் படலத்துக்குப் போதிய ஒளி கிடைக்காததால் இது மேலும் கூடும். மனித முகங்களுக்குச் சிவப்புத் தடம் மென்மையான தோற்றத்தைத் தருகின்றது.

5. கறுப்பு வெள்ளை டெவலப்பரில் கழுவுதல்

வண்ணப் படச்சுருளைக் கறுப்பு வெள்ளை டெவலப்பரில் கழுவினால் சாயம் உருவாகாது. மூன்று படலங்களிலும் வெள்ளிப் படிமம் மட்டும் உருவாகும். நிறத் தகவல் இதில் மீட்க முடியாதவாறு இழக்கப்படுகின்றது. நெகட்டிவ் படச்சுருளில் செம்மஞ்சள் நிறமும் நீங்காது. எனவே புதிய படச்சுருளுக்கு இம்முறை பரிந்துரைக்கப்படுவதில்லை.

ஆயினும், கைவிடப்பட்ட முறைகளுக்கு உரிய பழைய சுருள்களுக்குப் பெரும்பாலும் இதுவே வழியாக உள்ளது. 1935 ஆம் ஆண்டில் அறிமுகமான கோடாகுரோம் படச்சுருளின் உற்பத்தி 2009 ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. அதனைக் கழுவிவந்த கடைசி ஆய்வகமான, அமெரிக்காவின் கேன்சசு மாநிலத்தில் உள்ள டுவெயின்ஸ் போட்டோ, 2010 ஆம் ஆண்டின் இறுதியுடன் அச்சுருள்களைப் பெறுவதை நிறுத்திக்கொண்டது. கோடாகுரோம் சுருளில் இணைப்பு வேதிப்பொருட்கள் இல்லை. அவை கழுவும் கரைசல்களிலேயே இருந்தன. ஆதலால் வேறு வண்ண முறைகளில் கழுவி அதன் வண்ணத்தைப் பெற இயலாது. கழுவப்படாமல் இன்று கண்டெடுக்கப்படும் கோடாகுரோம் சுருளிலிருந்து நடைமுறையில் கிடைக்கக்கூடியது கறுப்பு வெள்ளைப் படமே. சுருளின் பின்புறமுள்ள கரிப்பூச்சையும் இம்முறையில் தனியே நீக்க வேண்டும்.

சாய வகைக் கறுப்பு வெள்ளைப் படச்சுருள்கள்

வண்ணப் படச்சுருளின் வேதியியலைக் கொண்டு கறுப்பு வெள்ளைப் படம் தரும் சுருள்களும் உள்ளன. இல்போர்டு எக்ஸ்பி1, அக்ஃபா வேரியோ-எக்ஸ்எல் ஆகியவை 1980களின் தொடக்கத்தில் வெளிவந்தன. வண்ணப் படங்களைக் கழுவும் எந்தக் கடையிலும் இவ்வகைச் சுருள்களை சி-41 முறையில் கழுவலாம் என்பது இவற்றின் வசதி. கோடாக்கின் பிடபிள்யூ400சிஎன் 2014 ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. இல்போர்டு எக்ஸ்பி2 சூப்பர் தொடர்ந்து கிடைத்து வருகின்றது. ஐஎஸ்ஓ 400 எனக் குறிக்கப்பட்டுள்ள இதனை 50 முதல் 800 வரையான அளவுகளில் பயன்படுத்தலாம் என அந்நிறுவனம் தெரிவிக்கின்றது.

இவற்றில் மூன்று நிறங்களும் தனித்தனியே பதிவாவதில்லை. ஆகவே சாம்பல் அளவைப் பின்னர் மாற்றும் வாய்ப்பு இவற்றில் இல்லை. வழக்கமான கறுப்பு வெள்ளைச் சுருளைப் போலவே படம் பிடிக்கும்போது வடிகட்டியைப் பயன்படுத்த வேண்டும்.

படம் பிடிக்கும்போது கவனிக்க வேண்டியவை

* வண்ண நெகட்டிவுக்குச் சற்று மிகையான ஒளி தருவது நல்லது. ஒளி மிகும்போது சாயத் துகள்கள் ஒன்றோடொன்று நெருங்கிக் குருணைத்தன்மை குறைகின்றது.
* அடர்ந்த சிவப்பு வடிகட்டியை வில்லையின் முன் பொருத்தலாகாது. அவ்வாறு செய்தால் மற்ற இரு படலங்களும் ஒளியின்றி வீணாகும்; பின்னர் தெரிவு செய்யும் வாய்ப்பும் போய்விடும்.
* நிறத்தால் மட்டும் வேறுபட்டு, ஒளியளவில் ஒத்திருக்கும் பொருட்கள் வண்ணத்தில் அழகாகத் தோன்றினாலும், கறுப்பு வெள்ளையில் பிரித்தறிய இயலாதவை ஆகலாம்.

திரைப்படத்துறையில்

கோயன் சகோதரர்களின் "தி மேன் ஹூ வாசன்ட் தேர்" (2001) திரைப்படம் வண்ணப் படச்சுருளில் எடுக்கப்பட்டுக் கறுப்பு வெள்ளையில் அச்சிடப்பட்டது. இதன் ஒளிப்பதிவாளர் ரோஜர் டீக்கின்ஸ் ஆவார். ஜார்ஜ் குளூனி இயக்கிய "குட் நைட், அண்ட் குட் லக்" (2005), மிக்கேல் ஹனேக்கே இயக்கிய "தி வைட் ரிப்பன்" (2009) ஆகியனவும் வண்ணத்தில் எடுக்கப்பட்டுப் பின்னர் கறுப்பு வெள்ளைக்கு மாற்றப்பட்டவை ஆகும்.

நிலைத்தன்மை

நன்கு கழுவப்பட்ட வெள்ளிப் படிமம் நூறாண்டுகளுக்கும் மேலாக நிலைக்கக்கூடியது. வண்ணச் சாயங்களோ இருளில் வைத்திருந்தாலும் மெல்ல மங்குகின்றன. வெப்பமும் ஈரப்பதமும் இதனை விரைவுபடுத்தும். இக்காரணத்தால் திரைப்படப் பாதுகாப்பில், வண்ணப் படத்தின் மூன்று பதிவுகளையும் தனித்தனிக் கறுப்பு வெள்ளைச் சுருள்களாகப் பிரித்துச் சேமிக்கும் வழக்கம் உண்டு. பிற்காலத்தில் அவற்றை இணைத்து வண்ணத்தை மீட்கலாம்.

வீடுகளில் உள்ள பழைய வண்ணப் படங்களுக்கும் இது பொருந்தும். பல ஆண்டுகள் கடந்த தாள் படங்கள் செந்நிறமாக மாறுவதற்குச் சயான் சாயம் மங்குவதே காரணம். அத்தகைய படத்தை வருடி, சாயம் மங்கிய சிவப்புத் தடத்தை விடுத்து, பச்சைத் தடத்தை மட்டும் எடுத்தால், மெஜந்தா சாயத்தில் எஞ்சியுள்ள படிமம் பெரும்பாலும் தெளிவான கறுப்பு வெள்ளைப் படமாகக் கிடைக்கும். வண்ணத்தை மீட்க முடியாத நிலையிலும் முகங்களை இவ்வாறு மீட்கலாம். எனினும், சாயங்கள் மேலும் மங்குவதற்கு முன்பே இதனைச் செய்தல் வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* ஒளிப்படவியல்
* இருட்டறை
* ஒளி வடிகட்டி
* கோடாகுரோம்
* படிம வருடி

பகுப்பு: ஒளிப்படவியல்