கும்பினி: ஒரு சொல்லின் பல கோலங்கள்

'கம்பெனி' என்று இன்று நாம் இயல்பாக வழங்கும் சொல்லைப் பழந்தமிழகம் 'கும்பினி' என்றது. 'ஆர்' விகுதி சேர்த்துக் 'கும்பினியார்' என மரியாதையும் செய்தது. சரக்கு விற்க வந்த கூட்டத்திற்கு அரசர்க்குரிய பன்மை!

சொல்லின் வேரோ வேறு. இலத்தீனில் அது 'ரொட்டியைச் சேர்ந்து உண்பவர்' எனப் பொருள்படும். நம் திருமணப் பந்தலில் ஒரே சஹனைச் சூழ்ந்து உண்போரே மூலப்பொருளில் கம்பெனியார் எனலாம்.

பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1664இல் பதினான்காம் லூயியின் அமைச்சர் கோல்பேரின் முயற்சியால் பிறந்தது. 1674இல் அதனைப் புதுச்சேரியில் வேரூன்றச் செய்தவர் பிரான்சுவா மர்த்தேன். இங்கிலாந்தின் கம்பெனி பங்குதாரர்களின் உடைமை. பிரான்சின் கம்பெனியோ பெயரால் வணிகருடையது, பிடியால் மன்னருடையது. ஒரே சொல், இரு பொருள்! துய்ப்ளேக்சின் துபாஷாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் துணி வாணிகமும் போர்ச் செய்தியும் பின்னிக்கிடப்பதன் காரணம் இதனால் விளங்கும். கடையும் கோட்டையும் அங்கே ஒன்றுதான்.

படைத்துறையிலோ கம்பெனி என்பது ஏறத்தாழ நூறு வீரர் கொண்ட பிரிவு. கவர்னர் துய்மா காலத்திலேயே முஸ்லிம் வீரர்கள் ஐரோப்பிய முறையில் பழக்கப்பட்டனர். அவர்தம் தலைவர்க்குரிய 'ஜமேதார்' என்னும் பெயர், நாம் ஜமாஅத் என்று வழங்கும் அதே அரபுச் சொல்லடியைக் கொண்டது என்பர். 1746இல் அடையாற்றங்கரையில் ஐரோப்பியர் சில நூற்றுவரும் சிப்பாய்கள் எழுநூற்றுவரும், ஆற்காட்டு நவாபின் மைந்தர் மஹ்பூஸ் கானின் பெரும்படையை முறியடித்தனர். இரு தரப்பிலும் நம்மவர் நின்றனர் என்பதை வரலாற்று நூல்கள் ஏனோ அழுத்திச் சொல்வதில்லை.

கம்பெனிக்குத் 'துணை' என்றும் பொருளுண்டன்றோ? 1740இல் மராத்தியருடன் நிகழ்ந்த போரில் நவாப் தோஸ்த் அலி கான் மாண்டபின், அவர் குடும்பமும் சந்தா சாகிபின் குடும்பமும் புதுச்சேரியில்தான் புகலடைந்தன. அவர்களை ஒப்படைக்குமாறு ரகூஜி போன்ஸ்லே மிரட்டியும் துய்மா இணங்கவில்லை. அரசியல் கணக்கும் அதில் இருந்திருக்கும். ஆயினும் புகலடைந்தோர் காக்கப்பட்டனர்.

1761 ஜனவரியில் பிள்ளை மறைந்தார். சில நாட்களில் நகரம் ஆங்கிலேயரிடம் வீழ்ந்து தரைமட்டமாக்கப்பட்டது. 1769இல் பிரெஞ்சுக் கம்பெனியின் வாணிக ஏகபோகமும் நீக்கப்பட்டது. சொல் மட்டும் சாகவில்லை.

1906இல் தூத்துக்குடியில் வ.உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவியபோது, ஹாஜி முகமது பக்கீர் சேட் எட்டாயிரம் பங்குகளை இரண்டு இலட்சம் ரூபாய்க்கு வாங்கினார். ஆள வந்த கம்பெனியின் பெயரைக் கொண்டே ஆள்வோரை எதிர்க்கவும் முடிந்தது.

அதே காலத்தில் நாடகக் குழுக்களும் இப்பெயரைச் சூடின. சிறுவர்களையே நடிகராகக் கொண்டவை 'பாய்ஸ் கம்பெனி'கள். அவ்வகைச் சபை நடத்திய நாடகப் பேராசான் சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் புதுச்சேரியில் காலமானார். அவர் சமாதி கருவடிக்குப்பத்தில் உள்ளது.