நாம் குடியேறிய நகரங்களும் வரலாற்று மர்மப் புதினங்களும்

காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில், அனந்தீசுவரர் திருக்கோயிலில் ஒரு கல்வெட்டு உண்டு. முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டுக்கு உரியது அது. அவன் தமையன் ஆதித்த கரிகாலனைக் கொன்று துரோகிகளானவர் எனச் சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரை அது பெயர் சுட்டிக் கூறுகிறது. அவர்தம் நிலங்களைப் பற்றியும் பேசுகிறது. இராசராசன் அரியணை ஏறிய ஆண்டு 985. கொலையோ உத்தம சோழன் ஆட்சிக்கு வருமுன் நிகழ்ந்தது. இடையில் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள். இத்தனை காலம் குற்றவாளிகளைத் தொடாமல் விட்டது ஏன்? நீலகண்ட சாஸ்திரியார் உத்தம சோழன்மீது ஐயங்கொண்டார். சதாசிவ பண்டாரத்தார் அதனை மறுத்தார். கல்கி அவர்கள் 1950 முதல் 1954 வரை எழுதிய பொன்னியின் செல்வனில் இக்கொலையை நடுவே வைத்து, வாசகரின் ஊகத்துக்கும் இடம்விட்டே கதையை முடித்தார்.

தமிழகம் விட்டுப் பிழைப்புத் தேடிப் புறப்பட்ட குடும்பங்கள் பலவற்றின் பெட்டிகளில், பாத்திரம் பண்டங்களோடு அந்தப் புதினத்தின் தொகுதிகளும் பயணம் செய்தன. கொன்றவன் யார் என்று இரவு உணவுக்குப் பின் வாதிட்டுக்கொண்டே நாம் சோழர் வரலாற்றைக் கற்றோம். பாடநூல் செய்யாததை ஒரு மர்மக் கதை நமக்குச் செய்தது.

ஆனால் நம் பிள்ளைகள் பிறந்தது காவிரிக் கரையில் அன்று. யமுனைக் கரையிலும் ஊக்ளிக் கரையிலும் அரபிக் கடலோரத்திலும் பிறந்தவர்கள் அவர்கள். தாம் ஓடியாடும் தெருவின் பழங்கதையை அவர்கள் கேட்கும்போது நாம் விழிக்கிறோம். பல ஆண்டுகள் வாழ்ந்தும், இந்நகரங்களை அலுவலகமும் சந்தையும் இரயில் நிலையமுமாகவே அறிந்திருக்கிறோம். இக்குறையை ஓரளவு தீர்க்கவல்ல வரலாற்று மர்மப் புதினங்கள் சில அண்மை ஆண்டுகளில் ஆங்கிலத்தில் வந்துள்ளன. அவற்றுள் நான்கினை இங்கே அறிமுகம் செய்ய விழைகிறோம்.

முதலாவது தில்லி. மதுலிகா லிடில் எழுதி 2009இல் வெளிவந்த 'தி இங்கிலீஷ்மேன்ஸ் கேமியோ' நம்மை 1656ஆம் ஆண்டின் சாஜகானாபாத்துக்கு அழைத்துச் செல்கிறது. முசாபர் ஜங் என்னும் இளம் பிரபு, கொலைப்பழி சுமந்த தன் எளிய நண்பனைக் காக்கத் துப்புத் துலக்கப் புறப்படுகிறான். அக்காலத்தில் புதுமையாயிருந்த காப்பியின்மேல் அவனுக்கு ஒரு மோகம். காலைக் காப்பியின்றிப் பொழுது விடியாத நம்மவர்க்கு இவன் உடனே உறவினனாகி விடுவான்! ஆண்டினை ஆசிரியர் தேர்ந்த திறமும் நோக்கத்தக்கது. 1657இல் சாஜகான் நோயுற்றார். மைந்தர்களிடையே போர் மூண்டது. 1658இல் அவுரங்கசீப் அரியணை ஏறினார். புயலுக்கு முந்திய அமைதியில் நிற்கும் நகரம் இது.

இரண்டாவது கல்கத்தா. அபிர் முகர்ஜியின் 'எ ரைசிங் மேன்' (2016) 1919ஆம் ஆண்டில் நிகழ்கிறது. உயர் அதிகாரி ஒருவரின் கொலையைப் புதிதாக வந்திறங்கிய ஆங்கிலேயக் காவல் அதிகாரி விண்டாம் விசாரிக்கிறார். ரௌலட் சட்டத்தின் கொதிப்பும், ஏப்ரல் 13 அன்று நிகழ்ந்த ஜாலியன்வாலாபாக் படுகொலையின் நிழலும் கதையில் படிகின்றன. விண்டாமின் துணைவர் சுரேந்திரநாத் பானர்ஜி. அப்பெயர் ஆங்கிலேயர் நாவில் நுழையாமல் 'சரண்டர் நாட்' என்று திரிகிறது. அயல் மாநிலத்தில் தம் பெயர் படும் பாட்டை அறிந்த தமிழர் இதனைப் படித்துச் சிரிப்பர். பின் சற்றே வருந்துவர். அரசின் சீருடைக்கும் நாட்டின் அழைப்புக்கும் இடையே அவ்விளைஞர் படும் துன்பமே இந்நூலின் உயிர். ஆசிரியரும் ஒரு குடியேறிய குடும்பத்தின் பிள்ளை; ஸ்காட்லாந்தில் வளர்ந்தவர்.

மூன்றாவது பம்பாய். சுஜாதா மாஸி 2018இல் எழுதிய 'எ மர்டர் ஆன் மலபார் ஹில்' 1921ஆம் ஆண்டுக் கதை. இறந்துபோன ஆலை முதலாளியின் மனைவியர் மூவர் திரைக்குப் பின் வாழ்கின்றனர். அவர்தம் சொத்துரிமை பறிபோகிறதோ என்னும் ஐயம் எழுகிறது. ஆண் வழக்கறிஞர் நுழைய இயலாத அந்த அந்தப்புரத்துள் பெர்வீன் மிஸ்திரி என்னும் பார்சிப் பெண் வழக்கறிஞர் நுழைகிறார். இப்பாத்திரத்துக்குப் பின்னால் உண்மை வரலாறு உண்டு. கார்னீலியா சொராப்ஜி 1892இலேயே ஆக்ஸ்போர்டில் சட்டத் தேர்வு எழுதினார். அப்பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் வழங்கத் தொடங்கியதோ 1920இல்தான். இந்தியாவில் பெண்கள் வழக்கறிஞராவதற்கிருந்த தடையைச் சட்டம் நீக்கியது 1923இல். தேர்வுக்கும் உரிமைக்கும் இடையே முப்பத்தோராண்டுகள்! கொலையாளி யார் என்பதை மறந்தாலும் இந்தக் கணக்கை நம் பெண்மக்கள் மறத்தலாகாது.

நான்காவது பெங்களூர். சூழலியல் அறிஞர் ஹரிணி நாகேந்திராவின் 'தி பெங்களூர் டிடெக்டிவ்ஸ் கிளப்' (2022) 1921இல் நடப்பது. மருத்துவரின் இளம் மனைவியும் கணிதத்தில் நாட்டமுடையவளுமான காவேரி, விருந்து ஒன்றில் நேர்ந்த கொலையின் முடிச்சை அவிழ்க்கிறாள். அந்நாளில் பெங்களூர் ஒரே நகரமன்று. மைசூர் அரசின் நகரம் ஒருபுறம். 1809இல் தோன்றி 1947வரை ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்த தண்டுப்பகுதி மறுபுறம். அந்தத் தண்டினை நம்பிச் சிப்பாய்களாகவும் வணிகராகவும் கூலியாட்களாகவும் வந்தவருள் தமிழர் மிகப் பலர். நம் முன்னோடிகள் நடந்த நிலம் அது என்னும் எண்ணத்தோடு இந்நூலைப் படிக்கலாம்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். முசாபர் ஜங்கும் விண்டாமும் பெர்வீனும் காவேரியும் கற்பனை மாந்தர். சட்டங்களும் படுகொலையும் வாரிசுப் போரும் உண்மை. இவ்விரண்டையும் பிரித்தறியாவிடில் புதினம் பொய்ச்சாட்சி ஆகிவிடும். உத்தம சோழனைக் கொலைகாரன் என்று நம்மில் எத்தனை பேர் எளிதாகச் சொல்லி வந்தோம்! கல்வெட்டில் அவன்மீது குற்றச்சாட்டு ஒரு சொல்லும் இல்லை. கதாசிரியர் ஐயத்தைக் கொண்டு கதையை வளர்க்கலாம். வரலாற்றாசிரியர் சான்று நின்ற இடத்தில் தாமும் நின்றாக வேண்டும். இறந்து ஆயிரம் ஆண்டுகளான ஒருவனுக்கும் நாம் நீதி செய்யக் கடமைப்பட்டவர்களே. இப்பாடத்தைப் பிள்ளைகள் கற்றால், நாளைய செய்தித்தாளையும் அதே கண்ணோடு படிப்பர்.

ஆகவே நம் இல்லங்களுக்கு ஒரு சிறு வேண்டுகோள். பிள்ளைகள் இந்த ஆங்கில நூல்களைப் படித்துப் பெற்றோருக்குத் தமிழில் கதை சொல்லட்டும். பெற்றோர் உடையார்குடிக் கதையை அவர்களுக்குச் சொல்லட்டும். விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது அந்தக் கல்வெட்டையும், திரும்பியபின் சாந்தினி சௌக்கையோ மலபார் குன்றையோ ஒன்றாகச் சென்று காணலாம். பிறந்த மண்ணின் வரலாறு நமக்குச் சீதனமாகக் கிடைத்தது. வாழும் மண்ணின் வரலாற்றையோ நாமே முயன்று ஈட்ட வேண்டும். அவ்வாறு ஈட்டிய பிள்ளை ஒருவர், நாம் வாழும் இந்நகரத்தை வைத்துத் தமிழில் ஒரு மர்மப் புதினம் எழுதுவாராயின், அதனை முதலில் வாங்கும் வரிசையில் நாமும் நிற்போம்.