பனியில் எட்டு போடுதல்: ஒரு பரீட்சையின் 250 ஆண்டுக் கதை

நம்ம ஊர்ல டூவீலர் லைசென்ஸ் எடுத்தவங்க எல்லாருக்கும் "எட்டு போடுறது" என்றால் என்னன்னு தெரியும். ஆர்டிஓ ஆபீஸ் மைதானத்தில் இன்ஸ்பெக்டர் பார்த்துக்கொண்டு நிற்க, கால் தரையில் படாமல் வண்டியை எட்டு வடிவத்தில் ஓட்டிக் காட்ட வேண்டும். கால் ஊன்றினால் இன்னொரு நாள் வரணும். ஐஸ் ஸ்கேட்டிங்கிலும் இதே எட்டு உண்டு. வண்டி கிடையாது, சக்கரம் கிடையாது, சுமார் 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு பிளேடு மட்டும்தான். வலது காலில் ஒரு முழு வட்டம், தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்து, இடது காலில் இன்னொரு வட்டம். இரண்டும் ஒரே அளவில் இருக்கணும்.

அமெரிக்காவில் பெரியவர்களுக்கென்று தனியாக இருக்கும் ஸ்கேட்டிங் தேர்வுகளில் "அடல்ட் பிரான்ஸ்" என்ற படிக்கு நான் இப்போது தயாராகிக்கொண்டிருக்கிறேன். வயது 47. அம்மா போனில் கேட்டது ஒரே கேள்வி: "ஏண்டி, இந்த வயசுல எதுக்குப் பரீட்சை? விழுந்து கை கால் ஒடஞ்சா யாரு பாக்குறது?" இரண்டாவது கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, முட்டிக்கும் மணிக்கட்டுக்கும் பேட் மட்டும்தான் இருக்கு. முதல் கேள்விக்குப் பதில் தேடி வரலாற்றைப் புரட்டியதில் சேர்ந்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

மூன்று தொப்பிகள்

உலகின் முதல் ஃபிகர் ஸ்கேட்டிங் சங்கம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது ஸ்காட்லாந்தின் எடின்பரோ ஸ்கேட்டிங் கிளப். 18-ம் நூற்றாண்டில் தொடங்கியது. குளிர்காலத்தில் டடிங்ஸ்டன் ஏரி உறைந்ததும் உறுப்பினர்கள் அங்கே கூடுவார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவரை நீங்கள் ஓவியத்தில் பார்த்திருக்கலாம். கறுப்பு உடை, கறுப்புத் தொப்பி, மார்பில் கட்டிய கைகள், ஒற்றைக் காலில் சறுக்கிச் செல்லும் ஒரு பாதிரியார். ராபர்ட் வாக்கர் என்ற அந்தப் பாதிரியாரின் ஓவியம் 1790-களில் வரையப்பட்டது. ஹென்றி ரேபர்ன் வரைந்ததாகச் சொல்லப்படும் அது இன்று ஸ்காட்லாந்தின் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது.

இந்த கிளப்பில் சேரப் பணம் மட்டும் போதாது. இரண்டு காலிலும் தனித்தனியாக ஒரு முழு வட்டம் போட்டுக் காட்டணும். பிறகு பனிமேல் வைத்த ஒரு தொப்பியைத் தாண்டணும், அடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த இரண்டு தொப்பிகளை, அடுத்து மூன்றை. ஸ்கேட்டிங் வரலாற்றில் நமக்குத் தெரிந்த முதல் திறன் தேர்வு இதுதான்.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிங்க. ஒன்று, பரீட்சை எழுதியவர்கள் எல்லாரும் வளர்ந்த ஆட்கள். இரண்டு, இந்தப் பரீட்சை ஒரு கதவு. தேறினால் கனவான்களின் கூட்டத்துக்குள்ளே, தேறாவிட்டால் வெளியே. பெண்களுக்கு அந்தக் கதவே கிடையாது.

ஆரஞ்சுப் பழமும் பேட்ஜும்

1772-ல் லண்டனில் ராபர்ட் ஜோன்ஸ் என்பவர் ஸ்கேட்டிங் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஃபிகர் ஸ்கேட்டிங்கைச் சொல்லித்தரும் முதல் ஆங்கில நூல் என்று அதைக் கருதுகிறார்கள். அடுத்த நூறு வருடங்களில் இங்கிலாந்துக்கென்றே ஒரு பாணி உருவானது. பனிமேல் ஒரு ஆரஞ்சுப் பழத்தை வைத்து, அதை மையமாகக் கொண்டு சிலர் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி வளைவுகள் போடுவது. முதுகு விறைப்பாக இருக்கணும், கை உடம்போடு ஒட்டி இருக்கணும், முழங்கால் மடங்கக் கூடாது. ஆட்டம் பாட்டத்துக்கெல்லாம் அங்கே இடமில்லை.

1879-ல் கேம்பிரிட்ஜில் நேஷனல் ஸ்கேட்டிங் அசோசியேஷன் தொடங்கியது. முதல் நோக்கம் ஃபென்ஸ் சதுப்பு நிலப் பகுதியின் வேகப் பந்தயங்களை ஒழுங்குபடுத்துவது. விரைவிலேயே ஃபிகர் ஸ்கேட்டிங்குக்கும் தேர்வுகள் வந்தன. மூன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, முதல் வகுப்பு என்று படிகள், தேறினால் பேட்ஜ். பரீட்சையின் குணமே இங்கேதான் மாறுகிறது என்பது என் வாசிப்பு. எடின்பரோவில் ஒரே ஒரு சோதனை, உள்ளே அல்லது வெளியே. இங்கே படிப்படியாக ஏறலாம். கதவு ஏணியாக மாறிவிட்டது. இன்றைக்கு உலகம் முழுக்க உள்ள பிரான்ஸ், சில்வர், கோல்டு படிகளெல்லாம் இதே யோசனையின் வாரிசுகள்தான்.

பெரியவர்களின் விளையாட்டு

இன்று டிவியில் 15, 16 வயதுப் பிள்ளைகள் நான்கு சுற்று சுற்றிக் குதிப்பதைப் பார்க்கும்போது இது குழந்தையாக இருக்கும்போதே தொடங்க வேண்டிய விளையாட்டு என்று தோன்றும். பழைய பதிவுகள் வேறு மாதிரி பேசுகின்றன.

சர்வதேச ஸ்கேட்டிங் யூனியன் 1892-ல் நெதர்லாந்தின் ஸ்கெவனிங்கனில் உருவானது. 1896-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நடந்த முதல் உலக சாம்பியன்ஷிப்பில் கலந்துகொண்டவர்கள் மொத்தம் நாலே பேர், எல்லாரும் ஆண்கள். 1902-ல் லண்டன் போட்டிக்கு மேட்ஜ் சையர்ஸ் என்ற பெண் பெயர் கொடுத்தார். பெண்கள் கூடாது என்று விதியில் எழுதவில்லை, யாரும் யோசிக்கவே இல்லை என்பதுதான் காரணம். சையர்ஸ் இரண்டாம் இடம் பிடித்தார். முதலிடம் ஸ்வீடனின் உல்ரிக் சால்கோ. அடுத்த வருடமே யூனியன் கூடி, பெண்கள் ஆண்களோடு போட்டியிடத் தடை போட்டது. நீளப் பாவாடை காலை மறைப்பதால் நடுவர்களால் கால் வேலையைப் பார்க்க முடியாது என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. 1906-ல் பெண்களுக்கென்று தனிப் போட்டி வந்தபோது ஜெயித்தது சையர்ஸ்தான். 1907-லும் அவரே. 1908 லண்டன் ஒலிம்பிக் தங்கமும் அவருக்கே.

வயதுக் கணக்குக்கு வருவோம். 1920 ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற நார்வேயின் மார்ட்டின் ஸ்டிக்ஸ்ருடுக்கு அப்போது 44 வயது. அதே போட்டியில் தங்கம் வென்ற ஸ்வீடனின் கில்லிஸ் கிராஃப்ஸ்ட்ராம் 1924, 1928-லும் தங்கம் வென்று, 1932-ல் 38 வயதில் வெள்ளி வாங்கினார்.

இது எப்படி மாறியது? ஒரு காரணம் பனிக்கட்டியே. ஏரி உறைந்தால்தான் பயிற்சி என்று இருந்த காலத்தில் வருடத்துக்குச் சில வாரங்கள்தான் கிடைக்கும். வட்டம் கைகூடவே பல குளிர்காலம் ஆகும், அதற்குள் ஆளுக்கு வயதாகிவிடும். 1876-ல் ஜான் கேம்ஜி லண்டனில் திறந்த கிளேசியேரியம்தான் இயந்திரத்தால் உறையவைத்த முதல் ரிங்க். அப்படிப்பட்ட ரிங்குகள் பரவியதும் தினசரிப் பயிற்சி சாத்தியமானது. தினசரிப் பயிற்சி வந்தால் சின்ன வயதில் தொடங்குபவர்களுக்குத்தான் லாபம். 1924 ஒலிம்பிக்கில் 11 வயதுச் சிறுமியாகக் கடைசி இடம் வந்த சோனியா ஹெனி, 1927 முதல் 1936 வரை தொடர்ந்து 10 உலகப் பட்டங்கள் வென்றார். அதற்குப் பிறகு ஸ்கேட்டிங் என்றாலே பிள்ளைகள் என்று ஆகிப்போனது.

கோடு போனது, பேர் நின்றது

இதில் "ஃபிகர்" என்ற சொல்லே பனியில் பிளேடு விட்டுச்செல்லும் கோட்டைத்தான் குறித்தது. போட்டியில் "கட்டாய உருவங்கள்" என்று ஒரு பகுதி இருந்தது. ஒரு எட்டைப் போட்டு, அதே கோட்டின்மேலேயே மீண்டும் மீண்டும் போகணும், ஒவ்வொரு காலுக்கும் மூன்று முறை. முடிந்ததும் நடுவர்கள் பனிமேல் குனிந்து கோட்டை ஆராய்வார்கள். இழை பிசகினால் மதிப்பெண் போச்சு. சிக்குக் கோலத்தின்மேல் இன்னொரு தடவை மாவிழுத்தது தெரியாமல் இழுக்கச் சொன்னால் எப்படி இருக்கும், அப்படித்தான்.

1968 வரை மொத்த மதிப்பெண்ணில் 60 சதவீதம் இதற்குத்தான். பார்வையாளர்களுக்கோ இதில் ஒன்றும் புரியாது. 1972 சப்போரோ ஒலிம்பிக்கில் சிக்கல் வெளிச்சத்துக்கு வந்தது. உருவங்களில் அசாத்திய முன்னிலை பெற்ற ஆஸ்திரியாவின் பியாட்ரிக்ஸ் ஷூபா, இசைக்கு ஆடும் பகுதியில் 7-வது இடம் வந்தும் தங்கம் வென்றார். ஆட்டத்தில் முதலிடம் வந்த அமெரிக்காவின் ஜேனட் லின்னுக்கு வெண்கலம்தான். உருவங்களை டிவி காட்டுவதில்லை, ஆட்டத்தை மட்டும் பார்த்த மக்களுக்குக் கணக்கு விளங்கவில்லை. அடுத்த வருடமே எடை 40 சதவீதமாகக் குறைந்தது. பிறகு 30, கடைசியில் 20. 1990-ல் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் உலக சாம்பியன்ஷிப்போடு உருவங்கள் முடிந்தன.

விட்டது தொல்லை என்று பலர் நினைத்தார்கள். ஆனால் எட்டு போட்டே வளர்ந்த தலைமுறைக்கு பிளேடின் இரண்டு விளிம்புகளும் தனித்தனியாகக் கைவசமாகி இருந்தன. உள்விளிம்பு, வெளிவிளிம்பு, எதில் எவ்வளவு சாய்வது, தோள் எப்போது திரும்புவது என்ற அடிப்படை முழுக்க அந்த அலுப்பூட்டும் காலைப் பயிற்சியில்தான் வந்தது. அதை நிறுத்தினால் வேறு ஏதாவது அந்த இடத்துக்கு வரணும். 1990-களின் நடுவில் அமெரிக்காவில் "மூவ்ஸ் இன் தி ஃபீல்டு" என்ற தேர்வு வரிசை வந்தது. ரிங்க் முழுக்கப் பரவி, வளைவுகளும் திருப்பங்களும் போட்டுக் காட்டுவது. சில வருடங்களுக்கு முன் அதன் பெயரை "ஸ்கேட்டிங் ஸ்கில்ஸ்" என்று மாற்றிவிட்டார்கள்.

திரும்பி வந்த பெரியவர்கள்

அதே 1990-களில் இன்னொன்றும் நடந்தது. 1995-ல் டெலவேர் மாநிலத்தில் அமெரிக்காவின் முதல் அடல்ட் தேசியப் போட்டி நடந்தது. 2005 முதல் ஜெர்மனியின் ஓபர்ஸ்டார்ஃபில் சர்வதேச யூனியனின் அடல்ட் போட்டி. கூடவே பெரியவர்களுக்கான தேர்வுப் படிகள்: பிரீ-பிரான்ஸ், பிரான்ஸ், சில்வர், கோல்டு.

நான் எழுதப்போகும் பிரான்ஸ் தேர்வின் பட்டியலில் "சர்க்கிள் எயிட்" இருக்கிறது. பெயரே சொல்லிவிடும், எட்டுதான். வெளிவிளிம்பில் ஒரு எட்டு, தொடர்ந்து உள்விளிம்பில் ஒரு எட்டு. ஒவ்வொரு வட்டத்தின் குறுக்களவும் ஸ்கேட்டரின் உயரத்தைப் போல் சுமார் மூன்று மடங்கு. ஒரே ஒரு உந்தலில் முழு வட்டத்தையும் முடிக்கணும், நடுவில் வேகம் கூட்ட வழியில்லை. பாதி வட்டம் வரை சும்மா இருக்கும் கால் பின்னால், அப்புறம் மெதுவாக முன்னால். அந்த இடத்தில் அவசரப்பட்டால் இடுப்பு திரும்பி வட்டம் சுருங்கி நத்தைக்கூடு ஆகிவிடும்.

என் பயிற்சி வாரத்தில் மூன்று நாள், காலை 6 மணிக்கு, ஆபீசுக்கு முன்னால். முதல் பத்து நிமிடம் எட்டு மட்டும். வலது கால் வட்டம் வந்துவிட்டது. இடது கால் வட்டம் எப்போதும் ஒரு முழம் சின்னது. ஒவ்வொரு தடவையும் நின்று திரும்பிப் பார்த்தால் கோடு அங்கே இருக்கும். எந்த இடத்தில் உடம்பு பயந்தது என்று கோட்டிலேயே தெரியும். "ஃபைவ்-ஸ்டெப் மோஹாக்" என்று இன்னொன்று, முன்னோக்கிப் போய்க்கொண்டே கால் மாற்றி பின்னோக்கித் திரும்பும் வரிசை. அங்கேதான் விழுகிறேன். இந்த வயசில் விழுந்து எழ நேரமாகுது, பயம் போக அதைவிட நேரமாகுது. சின்னப் பசங்களோடு எனக்குள்ள உண்மையான வித்தியாசம் இந்தப் பயம்தான். அதைச் சரிசெய்ய மெதுவான வேகத்தில் திரும்பத் திரும்பச் செய்வதைத் தவிர வேறு வழி எனக்குக் கிடைக்கலை.

தேர்வுத் தாளில் ஒரு சின்ன விஷயம் எனக்குப் பிடித்தது. தேறினால் "பாஸ்". தேறாவிட்டால் "ஃபெயில்" என்று போடுவதில்லை, "ரீட்ரை" என்றுதான் போடுவார்கள். மூன்று தொப்பி தாண்டாதவரை வெளியே நிறுத்திய பரீட்சை, 250 வருடத்தில் "இன்னொரு தடவை வாங்க" என்று சொல்லக் கற்றுக்கொண்டிருக்கிறது.

ஆக, அம்மாவின் கேள்விக்கு என் பதில் இது. இந்த வயசில் பரீட்சை என்பது விதிவிலக்கு இல்லை, இந்த விளையாட்டின் பழைய வழக்கமே அதுதான். தேறினால் எனக்கு வேலையோ பதவியோ வரப்போவதில்லை, அடுத்த படியான சில்வரை முயற்சி செய்யும் தகுதி மட்டும் கிடைக்கும். ஆனால் பரீட்சைக்குத் தேதி குறித்த பிறகுதான் இடது கால் வட்டத்தை நான் கவனிக்கவே ஆரம்பித்தேன். அதுவரை பிடித்த காலிலேயே சுற்றிக்கொண்டிருந்தேன். யாரோ ஒருத்தர் நின்று பார்க்கப்போகிறார் என்றால்தான் பிடிக்காத காலையும் பழக்குகிறோம். தேர்வு அடுத்த மாதம். பாஸோ ரீட்ரையோ, முடிவு வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.