பூனைத் தோட்டமும் நமது சாக்கும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

மீன் மார்க்கட் பக்கம் பூனை பெருகிவிட்டது, பள்ளிவாசல் வராந்தாவில் குட்டி போடுகிறது, எல்லாவற்றையும் சாக்கில் பிடித்து எங்காவது கொண்டுபோய் விட வேண்டும் என்று ஊரில் பேச்சு நடக்கிறது. எங்காவது என்றால் எங்கே? அடுத்த ஊர்ச் சந்தையடியில்தான். அவர்களும் அதைத்தான் செய்கிறார்கள். போன பெருநாளைக்குப் பிறகு நம் சந்தையடியில் திடீரென்று புதுப் பூனைகள் வந்தது எப்படி என்று யோசித்துப் பார்த்தோமா?

இது இன்றைக்கு வந்த பிரச்சினை இல்லை. கெய்ரோவுக்குப் போவோம்.

1260இல் அய்ன் ஜாலூத்தில் மங்கோலியப் படையைத் தோற்கடித்த மம்லூக் தளபதிகளில் ஒருவர் பைபர்ஸ். அதே வருடம் சுல்தானாகி, 1277இல் டமஸ்கஸில் மௌத்தாகும் வரை ஆட்சி செய்தார். நமது பாடப்புத்தகத்தில் அவர் பெயர் போரோடு முடிந்துவிடும். கெய்ரோவின் வட பக்கத்தில் அவர் கட்டிய பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. அந்தப் பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தை அவர் வக்பு செய்தார். யாருக்கு? வீடில்லாத பூனைகளுக்கு. தோட்டத்தின் வருமானத்தில் அவற்றுக்குச் சாப்பாடு. ‘கைத் அல்-குத்தா’, அதாவது பூனைத் தோட்டம் என்று மக்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள்.

இந்தச் செய்தியை எழுதிவைத்தவர் எட்வர்ட் லேன் என்ற ஆங்கிலேயர். 1820களிலும் 1830களிலும் கெய்ரோவில் மக்களோடு மக்களாக வாழ்ந்தவர். அவர் நேரில் கண்டது இது: காதி நீதிமன்றத்தின் பெரிய முற்றத்துக்கு ஒவ்வொரு நாளும் பிற்பகலில் இறைச்சிக் கழிவு கொண்டுவரப்படும், பூனைகளைக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுவார்கள். (நமது காதி நீதிமன்றத்தில் விவாக வழக்கு மட்டும்தான். அன்றைய காதிக்கு வக்பு சொத்துக்களைப் பாதுகாப்பதும் பொறுப்பு. அதனால் பூனையும் அவர் பொறுப்பில் வந்தது.)

இதுவரை கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் லேன் அதோடு நிறுத்தவில்லை. தோட்டம் பாழாகிவிட்டது, அதில் வருமானம் இல்லை என்று காரணம் காட்டி பராமரிப்பாளர்களே அதை விற்றுவிட்டார்கள். வாங்கியவர்களும் அப்படியே கைமாற்றினார்கள். லேன் காலத்தில் பூனைகளுக்கென்று மிஞ்சியது வருடத்துக்கு 15 பியாஸ்டர் தரைவாடகை மட்டும். மீதிச் செலவு காதியின் தலையில் விழுந்தது, அதுவும் பிறகு கவனிப்பாரற்றுப் போனது. வக்பு சொத்து ‘வருமானம் இல்லை’ என்ற பெயரில் கரைவது எப்படி என்று தெரிய வேண்டுமானால் கெய்ரோவின் இந்தத் தோட்டம் போதும். நம் நாட்டில் 1956இல் வந்த வக்பு சட்டத்தை வகுப்பில் படிப்பிக்கும்போது நாங்கள் இந்தக் கதையைத்தான் சொல்வது.

இன்னொன்றையும் லேன் சொல்கிறார். பூனையைத் தொலைக்க நினைத்த கெய்ரோவாசிகள் அதைக் காதியின் முற்றத்தில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்களாம். எங்கே சாப்பாடு இருக்கிறதோ அங்கே கொண்டுபோய்த் தள்ளுவது. நம் சந்தையடியும் அதே முற்றம்தான்.

பைபர்ஸின் தர்மம் வயிற்றைப் பார்த்தது. பிறப்பைத் தடுக்கும் வழி அந்தக் காலத்தில் இல்லை. ஒரு பெட்டைப் பூனை ஐந்து மாதத்திலேயே சினைப்படலாம். ஒன்பது வாரத்தில் குட்டி, வருடத்துக்கு இரண்டு மூன்று ஈற்று. பத்துப் பூனையைச் சாக்கில் கொண்டுபோனாலும் மீன் குடலும் ஹோட்டல் வாளியும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. மிஞ்சியவை பெருகும், பக்கத்துத் தெருப் பூனை வந்து குடியேறும். அடுத்த வருடம் திரும்பவும் சாக்கு.

மார்க்கத்தில் பூனைக்கு உள்ள இடம் நமக்குத் தெரியும். அபூ கதாதா (ரழி) வுழூச் செய்யும் பாத்திரத்தைப் பூனை குடிக்கச் சாய்த்துக் கொடுத்த ஹதீஸும், பூனையைக் கட்டிப்போட்டு, தானும் உணவு கொடுக்காமல் அதைத் தேடித் தின்னவும் விடாமல் கொன்ற பெண்ணின் ஹதீஸும் பிள்ளைகளுக்கும் பாடம். (சட்டைக் கையை வெட்டிய கதை ஹதீஸ் நூல்களில் இல்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள்.) சாக்குக்குள் வெயிலில் மூன்று சக்கர வண்டியில் போகும் குட்டிக்கு என்ன உணவு, என்ன தண்ணீர்?

பைபர்ஸ் காலத்தில் இல்லாத வழி பின்னால் வந்தது. 1970களில் டென்மார்க்கிலும் பிரித்தானியாவிலும் தெருப்பூனையைக் கூட்டில் பிடித்து, கருத்தடை சத்திரசிகிச்சை செய்து, பிடித்த இடத்திலேயே விடும் பழக்கம் பரவியது. இத்தாலி 1991இலும், துருக்கி 2004இலும் அதைச் சட்டமாக்கின. மயக்கத்தில் இருக்கும்போதே காதின் நுனியைக் கொஞ்சம் வெட்டிவிடுவார்கள். தூரத்திலிருந்தே இது செய்த பூனை என்று தெரியும், இரண்டாம் முறை பிடிக்கத் தேவையில்லை. அதோடு நீர்வெறுப்பு நோய்த் தடுப்பூசியும் போடலாம். பூனை இடத்தை விட்டுப் போவதில்லை, எலியும் பிடிக்கும், இராச்சண்டை குறையும். ஊரில் பெரும்பாலான பூனைக்குச் செய்தால்தான் தொகை குறையும், இரண்டு மூன்றோடு நிறுத்தினால் பலனில்லை.

கருத்தடை கூடுமா என்று கேட்பீர்கள். மத்ஹபுகளுக்கிடையில் கருத்து வேறுபாடு உள்ள விடயம், நமது ஷாபிஈ நூல்களில் கடுமையும் உண்டு. பூனை பெருகித் தொல்லையாகும்போது, கொல்வதை விட இது மேல் என்று அனுமதித்த சமகால அறிஞர்களும் இருக்கிறார்கள். ஊர் உலமாக்களிடம் முதலில் கேட்போம், அவர்கள் சொல்லும்படி நடப்போம்.

அவர்கள் சம்மதித்தால் வேலை பெரிதல்ல. வெல்டிங் கடையில் செய்வித்த இரண்டு கூடுகள் எங்களிடம் இருக்கின்றன. மிருக வைத்தியரிடம் நாள் குறித்த பிறகுதான் கூடு வைக்க வேண்டும். முதல் நாள் அந்த இடத்தில் யாரும் சாப்பாடு போடக் கூடாது. கூட்டின் அடியில் பத்திரிகைத் தாள், கடைசி மூலையில் ஒரு கரண்டி செமன். கூட்டை வைத்துவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள், தூரத்தில் இருந்து பாருங்கள். கதவு விழுந்த உடனே பழைய படுக்கை விரிப்பால் மூடினால் பூனை அடங்கிவிடும். வெறும் கையைக் கிட்டக் கொண்டுபோகக் கூடாது. சிறு பிள்ளைகளை இதில் சேர்க்க வேண்டாம். கீறினாலோ கடித்தாலோ சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சத்திரசிகிச்சைக்குப் பிறகு கடுவனை ஒரு இரவும், பெட்டையை இன்னும் கொஞ்சம் கூடவும் நிழலில் வைத்திருந்து, பிடித்த அதே இடத்தில் கதவைத் திறந்துவிட வேண்டும்.

இன்னொன்று. மையவாடிச் சுவரோரம் நிற்கும் சாம்பல் நிறப் பூனையின் முலை வீங்கியிருக்கிறது. எங்கோ குட்டி வைத்திருக்கிறது. குட்டிகள் தாமாகத் தின்னத் தொடங்கும் வரை அதை யாரும் பிடிக்க வேண்டாம். குட்டி இருக்கும் இடம் தெரிந்தவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள்.