நிலப்பரப்பும் சாலைப்பரப்பும்: தென்சென்னையின் மட்ட வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

சாலை வடிவமைப்பு மென்பொருள்களில் நிலப்பரப்பையும் சாலைப்பரப்பையும் இணைக்கும்போது, பின்னர் ஒட்டப்படும் பரப்பு முன்னதை மறைத்து நிலைபெறுகிறது. தியாகராய நகர், மயிலாப்பூர், அடையாறு ஆகிய பகுதிகளின் மட்ட வரலாற்றிலும் இதனை ஒத்ததொரு நிகழ்வைக் காணலாம். பழைய நிலமட்டத்தைத் தனித்துப் பேணாமல் செய்யப்படும் இணைப்பு, வெள்ளத்தின் காரணத்தையும் சேர்த்து மறைத்துவிடும் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: நிலமட்டம், முக்கோண வலைப்பரப்பு, சாலை, ஏரி, தியாகராய நகர், வெள்ளம்.

முன்னுரை

சாலை ஒன்றை வடிவமைக்கும் பொறியாளரின் கணினியில் இரண்டு பரப்புகள் உள்ளன. ஒன்று, அளவையாளர் அளந்து தந்த நிலத்தின் பரப்பு. மற்றொன்று, பொறியாளர் தாமே வகுத்த சாலையின் பரப்பு. இவ்விரண்டும் இணைந்த பரப்பைக் கொண்டே மழைநீர் எத்திசையில் ஓடும், எங்கே தேங்கும் என்பன கணிக்கப்படுகின்றன. நிலத்திற்கும் சாலைக்கும் இடையிலான வேறுபாட்டிலிருந்து, வெட்டவும் நிரப்பவும் வேண்டிய மண்ணின் அளவு பெறப்படுகிறது. இவ்விணைப்பு வெறும் தொழில்நுட்பச் செயலன்று. எந்தப் பரப்பை முதன்மையாகக் கொள்வது என்னும் தெரிவும் அதனுள் அடங்கியுள்ளது. அத்தெரிவின் வரலாற்றைச் சென்னையின் தென்பகுதியைக் கொண்டு நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மட்டம் அளந்த மரபு

நிலத்தை அளக்கும் நவீன மரபு சென்னையில் நீண்ட வரலாறு உடையது. 1794இல் இங்கு நில அளவைப் பள்ளி தொடங்கப்பட்டது. கிண்டிப் பொறியியல் கல்லூரி தன் தோற்றத்தை அதிலிருந்தே கணக்கிடுகிறது. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். இந்தியப் பெரு முக்கோணவியல் அளவை இக்கோட்டின்மேல் வளர்ந்தது. 1909இல் இந்தியாவின் முதல் மட்டவலை நிறைவுற்றபோது, அதற்கு ஆதாரமான ஒன்பது கடல்மட்ட நிலையங்களுள் சென்னையும் ஒன்றாயிற்று.

இம்மரபு நமக்கு உணர்த்துவது, உயரம் என்பது எப்போதும் ஓர் ஆதாரத்தை ஒப்பிட்டுச் சொல்லப்படுவது என்பதாகும். சென்னையின் சராசரி உயரம் கடல்மட்டத்திலிருந்து 7 மீட்டருக்கும் குறைவு. இத்தகைய தட்டையான நிலத்தில் ஒரு சாண் வேறுபாடும் நீரின் திசையை மாற்றவல்லது.

முக்கோண வலைப்பரப்பின் தோற்றம்

நிலத்தின் வடிவை எண்களாகக் கணினியில் வைக்கும் கருத்தை 1958இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த மில்லர், லாஃப்லாம் இருவரும் முன்வைத்தனர். நெடுஞ்சாலைகளை வகுப்பதே அவர்களது உடனடித் தேவை. ஆகவே கணினி நிலப்படிவம் பிறந்தபோதே சாலையோடு சேர்ந்து பிறந்தது எனலாம். 1970களில் ஒழுங்கற்ற புள்ளிகளை முக்கோணங்களால் இணைக்கும் வலைப்பரப்பு முறை உருவாயிற்று. எப்புள்ளிகளை எவற்றோடு இணைப்பது என்பதற்கு ரஷ்யக் கணிதவியலாளர் தெலோனே 1934இல் தந்த விதி பயன்பட்டது. ஒரு முக்கோணத்தின் மூன்று முனைகள் வழியே செல்லும் வட்டத்தினுள் வேறெந்தப் புள்ளியும் அமையலாகாது என்பதே அவ்விதி.

இப்பரப்புக்கு ஓர் இயல்பு உண்டு. தரைப்படத்தின் ஒரு புள்ளிக்கு ஒரே ஓர் உயரம்தான் இருக்க முடியும். நடைபாதையின் விளிம்புக்கல் செங்குத்தாக நிற்பினும், படிவத்தில் அதன் மேல்விளிம்பை அடிவிளிம்பிலிருந்து சிறிதளவு நகர்த்தியே வைக்க வேண்டும். ஓரிடத்தில் முன்பிருந்த மட்டம், பின்வந்த மட்டம் என இரண்டையும் ஒரே பரப்பு தாங்காது. வரலாற்றை நோக்குவோர்க்கு இவ்வரம்பு முக்கியமானது.

ஒட்டும் வரிசை

ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் சிவில் 3டி போன்ற மென்பொருள்களில் வழக்கமான முறை வருமாறு. முதலில் வெற்றுப் பரப்பு ஒன்று உருவாக்கப்படும். அதன்மேல் நிலப்பரப்பு ஒட்டப்படும். பின்னர்ச் சாலைப்பரப்பு ஒட்டப்படும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடங்களில் கடைசியாக ஒட்டியதே நிற்கும். வரிசையை மாற்றினால் சாலை மறைந்து நிலமே எஞ்சும்.

இதில் இரு கவனங்கள் தேவை. முதலாவது எல்லை. சாலையின் சரிவு பழைய நிலத்தைத் தொடும் கோட்டை வெளியெல்லையாக வரையறுக்காவிடில், வளைவுகளின் உட்புறத்தில் முக்கோணங்கள் தாமாகவே பரவி இல்லாத நிலத்தை உருவாக்கும். மண் கணக்கும் பிழைபடும். இரண்டாவது பாலம். சைதாப்பேட்டையில் 1726இல் கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனிய வணிகர் அடையாற்றின் குறுக்கே மர்மலாங் பாலத்தை அமைத்தார். அவ்விடத்தில் இன்று மறைமலை அடிகள் பாலம் உள்ளது. அதன் தளத்தைச் சாலைப்பரப்பாகக் கருதி நிலத்தோடு ஒட்டினால், படிவத்தில் பாலத்தின் கீழுள்ள ஆற்றுப்படுகை மறைந்து ஆறு அடைபட்டுவிடும். கணிக்கப்படும் வெள்ளம் உண்மை வெள்ளமாக இராது. ஆகவே பாலத்தளத்தைத் தனிப்பரப்பாகவே வைத்தல் வேண்டும்.

ஏரியின்மேல் எழுந்த நகர்

தியாகராய நகரின் அடிநிலம் ஓர் ஏரி. மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே நுங்கம்பாக்கம் ஏரியும் மயிலாப்பூர் ஏரியும் சேர்ந்து நெடிய நீர்ப்பரப்பாக விளங்கின. ஆங்கிலேயர் இதனை லாங் டேங்க் என்றனர். 1920ஆம் ஆண்டின் சென்னை நகரமைப்புச் சட்டத்தைத் தொடர்ந்து, நீதிக்கட்சி ஆட்சிக்காலத்தில் இதன் ஒரு பகுதி வடிக்கப்பட்டுப் புதுநகர் வகுக்கப்பட்டது. பனகல் பூங்காவை நடுவாகக் கொண்ட அந்நகருக்குச் சர் பிட்டி தியாகராயரின் பெயர் சூட்டப்பட்டது. மேற்கு மாம்பலத்தின் ஏரிக்கரைச் சாலை என்னும் பெயரும், நுங்கம்பாக்கத்தின் ‘லேக் ஏரியா’ என்னும் வழக்கும் மறைந்த நீர்நிலையின் எச்சங்கள்.

ஏரி என்பது சரிவின் தாழ்ந்த பக்கத்தில் கரை கட்டி நீரைத் தேக்குவது. அதன் ஆழம் கரையை ஒட்டியே மிகும். நீரை வடித்தாலும் அச்சரிவு நிலத்தில் எஞ்சும். புதுநகரின் தெருக்கள் பூங்காவிலிருந்து விரியும் வடிவ ஒழுங்கில் அமைந்தன. பழைய நீரோட்டத்தின் பணி மாம்பலம் கால்வாயின் பொறுப்பாயிற்று. அது தியாகராய நகர் வழியே சென்று நந்தனம் அருகே அடையாற்றில் கலக்கிறது. மென்பொருளின் மொழியில் கூறுவதாயின், ஏரிப்பரப்பின்மீது நகரப்பரப்பு ஒட்டப்பட்டது. அடியிலிருந்தது வரைபடத்திலிருந்து நீங்கியது, நிலத்திலிருந்து நீங்கவில்லை.

மேலெழுந்த சாலை

இதன்பின் மூன்றாவது பரப்பு ஒன்று படிந்தது. பழைய தார்ப்படலத்தைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே புதுப்படலம் இடும் வழக்கம் பரவலாக இருந்தது. ஒருமுறைக்கு 40 மில்லிமீட்டர் எனவும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை எனவும் கொண்டால், 50 ஆண்டுகளில் சாலை 40 சென்டிமீட்டர் உயரும். இது மூன்று படிக்கட்டுகளுக்குச் சற்றே குறைவு. 2000 மீட்டருக்கு ஒரு மீட்டர் தாழும் நிலத்தில், 800 மீட்டர் தொலைவின் மொத்தச் சரிவுக்கு இது சமம். திண்ணைக்கு ஏறிச்சென்ற வாயில்கள் தெருவிலிருந்து இறங்கிச்செல்லும் வாயில்களாக மாறியதை மயிலாப்பூரின் பழைய தெருக்களில் காணலாம். சாலையின் குறுக்குச்சரிவு நீரை விளிம்புக்குத் தள்ளும். விளிம்புக்கு அப்பால் வீடு தாழ்ந்திருப்பின் நீர் வீட்டினுள் செல்லும். சாலைப் பணியின் பயன் வாகனங்களுக்கும், சுமை வீட்டாருக்கும் ஆயின.

2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு பெருகிச் சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் முதலிய பகுதிகள் மூழ்கின. 2021 மே மாதத்தில் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, பழைய படலத்தைச் சுரண்டி எடுத்த பின்னரே புதுப்படலம் இடவேண்டும் என அறிவுறுத்தினார். அவ்வாண்டு நவம்பர் மழையில் தியாகராய நகர் மீண்டும் நீரில் நின்றது. இதனைத் தொடர்ந்து வெ. திருப்புகழ் தலைமையில் வெள்ளத் தணிப்புக் குழு அமைக்கப்பட்டது. மட்டத்தைக் காக்கும் ஆணை இனி உயர்வதைத் தடுக்கும். முன்பே உயர்ந்ததைக் கணக்கிட, பழைய மட்டம் தெரிந்திருத்தல் வேண்டும்.

முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. ஒன்று, இணைந்த பரப்பு பயன்பாட்டுக்கு உரியது. சான்றுக்கு உரியது அன்று. சாலை ஒட்டுவதற்கு முந்தைய நிலப்பரப்பை அளந்த நாளோடு தனியே பேணுதல் வேண்டும். இரண்டு, நிலப்பரப்பு சாலையின் அகலத்தோடு நின்றுவிடலாகாது; இருபுறத்து வீடுகளின் வாயில்மட்டமும் அதில் இடம்பெற வேண்டும். உலகளாவிய செயற்கைக்கோள் உயரத்தரவுகளில் மீட்டர் அளவிலான பிழை நேர்வதால், சென்டிமீட்டர் வேறுபாட்டை அறியக் களத்தில் மட்டம் எடுத்தலே தக்கது. மூன்று, பழைய நகர வரைபடங்களிலும் அளவைக் குறிப்புகளிலும் உள்ள மட்டக்குறிகளை எண்ணியல் வடிவில் மீட்பது வரலாற்றாய்வாளரும் பொறியாளரும் இணைந்து செய்யத்தக்க பணி. இரு காலப் பரப்புகளை ஒப்பிட்டு வேறுபாட்டைக் கணிக்கும் வசதி, சாலையை ஒட்டும் அதே மென்பொருளிலேயே உள்ளது. ஒப்பிடுவதற்குரிய பழைய பரப்பை உருவாக்கித் தருவதில் வரலாற்றுத் துறையின் பங்கு தொடங்குகிறது.