மனை மதிப்பீடும் இறைமுறையும்

அரசு இறை கொள்ளும் பொருள்களுள் வீடு தனித்தன்மை உடையது. நெல்லை அளக்கலாம், உப்பை நிறுக்கலாம், சுங்கச் சாவடியைக் கடக்கும் பொதிகளை எண்ணலாம். வீட்டின் மதிப்போ விற்கும் நாளிலன்றி வெளிப்படுவதில்லை. ஒரு தலைமுறைக் காலம் கைம்மாறாத வீடுகளும் பலவுள. ஆகவே, விற்கப்படாத வீட்டின் விலையை உய்த்துணர்ந்தே அரசு இறை விதிக்க வேண்டியுள்ளது. இன்று பல நாடுகளில் இவ்வுய்த்துணர்வைக் கணிப்பொறி செய்கின்றது. இம்முறை வளர்ந்த வரலாற்றையும் அதன் பயனையும் இங்கிலாந்து, அமெரிக்கா ஆகிய இரு நாட்டுச் செய்திகளைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

1. புற அடையாளங்கள்

காணாத மதிப்பைக் காணும் அடையாளத்தால் அறியும் முயற்சி பழமையானது. இங்கிலாந்தில் 1662ஆம் ஆண்டு அடுப்பு வரி ஏற்பட்டது. ஓர் அடுப்பிற்கு ஆண்டொன்றுக்கு இரண்டு ஷில்லிங் விதிக்கப்பட்டது. செல்வர் வீட்டில் அடுப்பு மிகும் என்பதே இதன் அடிப்படை. ஆயின், அடுப்பை எண்ண அலுவலர் வீட்டினுள் புக வேண்டியிருந்தது. அதனை மக்கள் வெறுத்தனர். 1689இல் இவ்வரி நீக்கப்பட்டது.

1696இல் சாளர வரி வந்தது. சாளரத்தைத் தெருவில் நின்றே எண்ணலாம் ஆதலின், அலுவலர் உள்ளே புகவேண்டிய இடர் நீங்கியது. ஆனால் வேறோர் இடர் முளைத்தது. மக்கள் சாளரங்களைச் செங்கல்லால் அடைத்து வரியைக் குறைத்துக்கொண்டனர். ஒளியும் காற்றும் இழந்தனர். மேலும், நாட்டுப்புறத்து எளிய வீடொன்றில் இலண்டன் மாளிகையைக் காட்டிலும் சாளரம் மிகுந்திருத்தல் கூடும் என்பதையும், அதனால் வரிச்சுமை எளியவர்மீதே மிகும் என்பதையும் ஆடம் சுமித் 1776இல் எடுத்துக்காட்டினார். இவ்வரி 1851 வரை நீடித்தது. ஓர் அடையாளத்தை மட்டும் கொண்டு மதிப்பை அறிய முற்படின், பிழை நேர்வதோடு அப்பிழை ஒரு சாரார்மீதே சாயும் என்பது இதனால் பெறப்படும்.

2. பல கூறுகளும் கணக்கும்

ஓர் அடையாளம் போதாதெனின் பலவற்றை ஒருங்கே கொள்ளல் வேண்டும். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஹாஸ் என்பார் 1922இல் வேளாண் நிலங்களின் விற்பனை விலைகளைத் திரட்டி, நகரத்திலிருந்து நிலத்தின் தொலைவு முதலிய கூறுகள் விலையை எவ்வளவு கூட்டின, எவ்வளவு குறைத்தன என்பதைப் புள்ளியியல் முறையால் கணித்தார். முறை எளிதே. அண்மையில் விற்ற மனைகளின் பரப்பு, அகவை, இடம் முதலியவற்றை அவற்றின் விலையோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு கூறும் பெறும் எடையை அறிதல் முதற்படி. அவ்வெடைகளை விற்கப்படாத மனைகளுக்கு ஏற்றி விலை காணல் இரண்டாம் படி. கையால் செய்யின் இது பெருந்தொழில். 1960களுக்குப் பின்னர்க் கணிப்பொறி வந்தமையால், ஒரு நகரத்து மனைகள் அனைத்தையும் இவ்வாறு மதிப்பிடல் இயன்றது.

3. கலிபோர்னியா: ஒழுங்கின் எதிர்விளைவு

முற்காலத்து மதிப்பீட்டாளர் பலர் தம் விருப்பப்படி மதிப்பிட்டனர். வாக்களிக்கும் குடியிருப்போர் வீடுகளைக் குறைத்து மதிப்பிடுதல் வழக்கமாக இருந்தது. 1965இல் சான் பிரான்சிஸ்கோ மதிப்பீட்டாளர் ரசல் உல்டன்மீது கையூட்டுக் குற்றச்சாட்டு எழுந்தது. மறு ஆண்டு அவர் தண்டிக்கப்பட்டார். அதே 1966இல், சொத்துகள் அனைத்தையும் சந்தை விலையில் நூற்றுக்கு 25 என்னும் ஒரே விகிதத்தில் மதிப்பிட வேண்டுமென அம்மாநிலம் சட்டம் இயற்றியது.

ஊழலை ஒழிக்க வந்த இவ்வொழுங்கு வேறொன்றையும் உடன் ஒழித்தது. வீட்டுடைமையாளர் எழுதாச் சலுகையாக நுகர்ந்துவந்த குறைமதிப்பு மறைந்தது. 1970களில் வீட்டு விலை விரைந்து ஏறியது. புதிய மதிப்பீடு அவ்வேற்றத்தைத் தொடர்ந்து சென்றது. வருவாய் உயராதவரும் உயர்ந்த வரியைச் செலுத்த நேர்ந்தது. 1978 சூன் 6ஆம் நாள் வாக்காளர் பதின்மூன்றாம் முன்மொழிவை நிறைவேற்றினர். வரி மதிப்பில் நூற்றுக்கு 1 என்றும், மதிப்பேற்றம் ஆண்டுக்கு நூற்றுக்கு 2க்கு மேற்படாதென்றும், விற்கும்போதே புதுமதிப்பு என்றும் அது வரையறுத்தது. சலுகையின் நீக்கமே இக்கிளர்ச்சிக்கு வித்தாயிற்று என ஐசக் மார்ட்டின் 2008இல் வெளிவந்த தம் நூலில் நிறுவுகின்றார். இதன் விளைவாக, ஒத்த இரு வீடுகளில் வாழும் அண்டையர் பெரிதும் வேறுபட்ட வரி செலுத்துவாராயினர். 1992இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் இம்முறை செல்லும் எனத் தீர்ப்பளித்தது.

4. குக் கவுண்டி: சராசரியின் மறைவில் பிழை

சிகாகோ நகரை உள்ளடக்கிய குக் கவுண்டியில் சிக்கல் வேறு வகையினது. மலிவான வீடுகள் மிகுத்தும், விலையுயர்ந்த வீடுகள் குறைத்தும் மதிப்பிடப்பட்டதைச் சிகாகோ டிரிபியூன் இதழ் 2017இல் வெளியிட்டது. சிகாகோ பல்கலைக்கழக அறிஞர் கிறிஸ்டோபர் பெரியின் ஆய்வும் அதனோடு ஒத்தது.

இப்பிழை சராசரியில் புலப்படாது. ஒரு சான்று கொள்வோம். 1,00,000 டாலருக்கு விற்ற வீட்டை 1,20,000 எனவும், 5,00,000 டாலருக்கு விற்றதை 4,00,000 எனவும் மதிப்பிட்டதாகக் கருதுவோம். விகிதங்கள் 1.2, 0.8, சராசரி சரியாக 1. ஆயின் மொத்த மதிப்பை மொத்த விலையால் வகுத்தால் 0.87 வரும். முன்னதைப் பின்னதால் வகுக்கக் கிடைப்பது ஏறத்தாழ 1.15. மதிப்பீட்டு அலுவலரின் பன்னாட்டுக் கழகம் ஏற்கும் எல்லை 0.98 முதல் 1.03 வரையே. எளியோர் தோளில் சுமை ஏறியமை இவ்வாறு வெளிப்படும்.

இதற்குக் காரணம் யாது? ஒத்த பரப்பும் அகவையும் உடைய இரு வீடுகளுள் ஒன்று கூரை ஒழுகுவது. மற்றொன்று உள்ளே செப்பனிடப்பட்டது. கணக்கு இவ்வேறுபாட்டை அறியாது; இரண்டையும் நடுவிலையை நோக்கி இழுக்கும். அதன்பின் மேல்முறையீடு செய்து குறைப்புப் பெறுவோருள் செல்வரே மிகுதி. திரட்ட வேண்டிய மொத்தத் தொகை முன்னரே வரையறுக்கப்படும் ஆதலின், ஒருவர் பெறும் குறைப்புப் பிறர்மேல் ஏறும். விற்பனை விலையே ஓரளவு தற்செயலானது. ஆதலின் இவ்விகிதம் பிழையை மிகுத்துக் காட்டும் என்பாரும் உளர். அக்கருத்தில் உண்மை உண்டு. எனினும் குக் கவுண்டியில் கண்ட சாய்வு முழுமையையும் அதனால் விளக்கிவிட இயலாது.

2018 மார்ச்சில் நடந்த கட்சி முதனிலைத் தேர்தலில் மதிப்பீட்டாளர் சோசப் பெரியோசு தோற்றார். பின்னர்ப் பொறுப்பேற்ற பிரிட்சு கேகி, கணிப்புக்குரிய நிரலை எவரும் ஆராயுமாறு வெளியிட்டார்.

5. முடிவு

மதித்தல் என்னும் சொல் தமிழில் அளவிடுதலையும் போற்றுதலையும் ஒருங்கே குறிக்கும். மேற்கண்ட வரலாறும் இரண்டையும் பிரித்தல் ஆகாதெனக் காட்டுகின்றது. கலிபோர்னியாவில் அளவு செப்பமுற்றது. அதனைத் தாங்கும் மக்களின் நிலை கருதப்படவில்லை. குக் கவுண்டியில் அளவிலேயே சாய்வு இருந்தது. அதனைக் காணும் வழி குடிகளுக்கு நெடுங்காலம் திறக்கப்படவில்லை. ஆகவே, மதிப்பீட்டு முறை ஒன்றை ஆராய்வோர் அதன் சராசரிச் செம்மையோடு அமையாது, பிழை எவர்மேல் விழுகின்றது, விழுந்தவர் அதனை எவ்வாறு அறிவார், அறிந்தபின் எங்கே முறையிடுவார் என்னும் மூன்றையும் வினவுதல் வேண்டும் எனக் கருதுகின்றோம்.