அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்: பள்ளிக்கு வந்த கல்லூரிப் பாடத்தின் வரலாறு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் கல்லூரி முதலாண்டுத் தரத்திலான பாடங்களைப் பள்ளியிலேயே படித்து, நாடு முழுவதற்கும் பொதுவான ஒரு தேர்வை எழுதி, அதன் வழியாகக் கல்லூரிக் கிரெடிட் பெற உதவும் திட்டம் அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் (சுருக்கமாக ஏ.பி.) ஆகும். 1950களில் ஒருசில பள்ளிகளின் முயற்சியாகத் தொடங்கிய இத்திட்டத்தில் இன்று ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான மாணவர்கள் தேர்வு எழுதுகின்றனர். கெட்டிக்கார மாணவர்களின் நேரம் வீணாகக் கூடாது என்ற எண்ணத்தில் பிறந்த இத்திட்டம், பின்னாளில் நல்ல பாடம் யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்கவில்லை என்ற கேள்வியின் களமாக மாறியது.

கிரெடிட் என்பது என்ன?

அமெரிக்கக் கல்லூரிகளில் பட்டம் பெறுவதற்கு இத்தனை ஆண்டுகள் படித்தால் போதும் என்ற கணக்கு இல்லை. ஒவ்வொரு பாடத்துக்கும் கிரெடிட் எனப்படும் தகுதிப்புள்ளிகள் உண்டு. ஒரு பருவத்துக்குரிய பாடம் பெரும்பாலும் 3 அல்லது 4 கிரெடிட் பெறும். இளநிலைப் பட்டத்துக்கு ஏறத்தாழ 120 கிரெடிட் தேவை. எனவே, கல்லூரியில் சேரும்போதே சில பாடங்களுக்கான கிரெடிட்டைக் கையில் வைத்திருக்கும் மாணவர் அந்த அளவுக்குக் காலத்தையும் கட்டணத்தையும் மிச்சப்படுத்தலாம். அல்லது தொடக்கப் பாடத்தை விட்டுவிட்டு அடுத்த நிலைப் பாடத்தில் நேரடியாகச் சேரலாம். 'பிளேஸ்மென்ட்' என்ற சொல் இப்படி உரிய நிலையில் அமர்த்துவதையே குறிக்கிறது.

தோற்றம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் கல்லூரிகளில் சேருவோரின் எண்ணிக்கை பெருகியது. கொரியப் போர் தொடங்கியதும், இளைஞர்கள் படைப்பணிக்குச் செல்லுமுன் படிப்பை விரைந்து முடிக்க வழியுண்டா என்ற பேச்சும் எழுந்தது. 1951ஆம் ஆண்டில் ஃபோர்டு அறக்கட்டளை தன் கல்வி மேம்பாட்டு நிதியைத் தோற்றுவித்தது. அந்நிதியின் உதவியுடன் ஒரே காலத்தில் வெவ்வேறு முயற்சிகள் நடந்தன.

முதலாவது முயற்சி, பள்ளிப் படிப்பு முழுவதும் முடியுமுன்பே 16 வயதை ஒட்டிய மாணவர்களைக் கல்லூரியில் சேர்த்துக்கொள்வது. சிகாகோ, கொலம்பியா, விஸ்கான்சின், யேல் ஆகிய பல்கலைக்கழகங்கள் 1951இல் இதைச் செய்து பார்த்தன.

இரண்டாவது, ஓர் ஆய்வு. ஆண்டோவர், எக்ஸிட்டர், லாரன்ஸ்வில் ஆகிய மூன்று புகழ்பெற்ற தனியார் பள்ளிகளும் ஹார்வர்டு, பிரின்ஸ்டன், யேல் ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களும் இதில் இணைந்தன. பள்ளியின் கடைசி ஆண்டுகளில் படித்தவற்றையே மாணவர்கள் கல்லூரியின் முதல் ஆண்டுகளில் மீண்டும் படிக்கின்றனர் என்று இக்குழு கண்டது. பள்ளிக்கும் கல்லூரிக்கும் இடையில் பேச்சுவார்த்தையே இல்லாததுதான் இதற்குக் காரணம். இக்குழுவின் அறிக்கை 1952இல் நூலாக வெளிவந்தது.

மூன்றாவது, ஒகையோ மாநிலத்தின் கென்யன் கல்லூரித் தலைவர் கார்டன் சால்மர்ஸ் முன்னின்று நடத்திய முயற்சி. 'கென்யன் திட்டம்' எனப்பட்ட இதில் 12 கல்லூரிகள் சேர்ந்தன. கல்லூரி ஆசிரியர்களும் பள்ளி ஆசிரியர்களும் பாடவாரியாகக் கூடி, கல்லூரி முதலாண்டுப் பாடத்தின் தரம் எது என்று வரையறுத்தனர். அந்தத் தரத்தில் பள்ளியிலேயே பாடம் நடத்திப் பார்த்தனர்.

பிள்ளையைக் கல்லூரிக்கு முன்கூட்டியே அனுப்புவதா, கல்லூரிப் பாடத்தைப் பள்ளிக்கு வரவழைப்பதா என்பதே அன்றைய கேள்வி. இரண்டாவது வழியில் மாணவர் தம் வயதுத் தோழர்களோடு வீட்டிலிருந்தே படிக்க முடிந்தது. பள்ளி ஆசிரியருக்கும் தரமான பாடம் நடத்தும் வாய்ப்புக் கிடைத்தது. நாளடைவில் அந்த வழியே பரவியது.

முதல் தேர்வுகள்

1955ஆம் ஆண்டில் இத்திட்டத்தைக் காலேஜ் போர்டு ஏற்றுக்கொண்டது. இது கல்லூரி நுழைவுத் தேர்வுகளுக்காக 1900ஐ ஒட்டித் தொடங்கப்பட்ட அமைப்பாகும். வில்லியம்ஸ் கல்லூரியின் வரலாற்றுப் பேராசிரியர் சார்லஸ் கெல்லர் திட்டத்தின் முதல் இயக்குநரானார். 1956 மே மாதத்தில் காலேஜ் போர்டின் பெயரில் நடந்த முதல் தேர்வை 104 பள்ளிகளைச் சேர்ந்த 1,229 மாணவர்கள் எழுதினர்.

அடுத்த ஆண்டு அக்டோபரில் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை விண்ணில் செலுத்தியது. அறிவியல் கல்வியில் பின்தங்கிவிட்டோமோ என்ற கலக்கம் அமெரிக்காவில் பரவியது. 1958இல் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் நிறைவேறியது. திறமையான மாணவர்களைக் கண்டறிந்து வளர்ப்பது நாட்டுப் பாதுகாப்பு சார்ந்த கடமையாகக் கருதப்பட்டது. இந்தச் சூழல் ஏ.பி. திட்டத்தின் வளர்ச்சிக்குத் துணையாயிற்று.

தேர்வு முறை

ஏ.பி. தேர்வுகள் ஆண்டுதோறும் மே மாதத்தில் நடைபெறுகின்றன. பெரும்பாலான பாடங்களில் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வினாக்கள் ஒரு பகுதியாகவும், விரிவாக விடை எழுதும் வினாக்கள் மறு பகுதியாகவும் அமையும். விரிவான விடைகளைப் பள்ளி ஆசிரியர்களும் கல்லூரிப் பேராசிரியர்களும் சேர்ந்து திருத்துகின்றனர். பள்ளியும் கல்லூரியும் ஒன்றாக உட்கார்ந்து தரத்தை முடிவு செய்யும் பழைய வழக்கம் இதில் மட்டும் மாறவில்லை.

மதிப்பெண் 1 முதல் 5 வரை வழங்கப்படும். 3 பெற்றவர் தகுதி பெற்றவராகக் கருதப்படுவார். ஆனால் கிரெடிட் தருவதா இல்லையா என்பதைக் கல்லூரியே முடிவு செய்கிறது. சில கல்லூரிகள் 3க்கே கிரெடிட் தருகின்றன. சில 5 கேட்கின்றன.

பாடம் நடத்தும் முறையிலும் தேர்வு மாற்றங்களைக் கொண்டுவந்தது. 1973இல் அமெரிக்க வரலாற்றுத் தேர்வில் ஆவணம் சார்ந்த வினா சேர்க்கப்பட்டது. கடிதம், சொற்பொழிவு, கேலிச்சித்திரம், புள்ளிவிவர அட்டவணை போன்றவை மாணவர் முன் வைக்கப்படும். அவற்றைச் சான்றாகக் கொண்டு மாணவர் தம் கருத்தை நிறுவ வேண்டும். மனப்பாடம் செய்த ஆண்டுகளும் பெயர்களும் மட்டும் இதற்குப் போதா.

கார்ஃபீல்டு பள்ளி

முதல் இருபது ஆண்டுகளில் ஏ.பி. பெரும்பாலும் வசதியான பள்ளிகளின் திட்டமாகவே இருந்தது. இந்நிலையை நாடறியக் கேள்விக்கு உள்ளாக்கியது கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியின் கார்ஃபீல்டு உயர்நிலைப் பள்ளி. அங்கு படித்தோரில் பெரும்பாலானோர் மெக்சிகோ வழிவந்த தொழிலாளர் குடும்பப் பிள்ளைகள்.

பொலிவியாவில் பிறந்து, அங்கே ஆசிரியராக இருந்து, பின் அமெரிக்காவில் குடியேறிய ஹைமே எஸ்கலான்டே 1974இல் இப்பள்ளியில் கணக்கு ஆசிரியராகச் சேர்ந்தார். சில ஆண்டுகளில் நுண்கணித ஏ.பி. வகுப்பைத் தொடங்கினார். 1982இல் அவருடைய மாணவர்கள் 18 பேர் தேர்வெழுதி அனைவரும் தேர்ச்சி பெற்றனர். ஆனால் சில விடைத்தாள்களில் ஒரே மாதிரியான தவறுகள் இருப்பதாகக் கூறி, 14 பேரின் மதிப்பெண்கள் மீது தேர்வு நடத்திய நிறுவனம் ஐயம் எழுப்பியது. ஏழைக் குடும்பப் பிள்ளைகள் என்பதால்தான் இந்த ஐயமா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. 12 பேர் மீண்டும் தேர்வெழுத முன்வந்தனர். 12 பேரும் தேர்ச்சி பெற்றனர்.

இந்நிகழ்ச்சி 1988இல் 'ஸ்டாண்ட் அண்ட் டெலிவர்' என்ற திரைப்படமாக வந்து புகழ் பெற்றது. ஓர் ஆசிரியர் குறுகிய காலத்தில் அற்புதம் நிகழ்த்தியதுபோல் படம் காட்டுகிறது. உண்மையில் அது பல ஆண்டு உழைப்பு. எஸ்கலான்டே கீழ்வகுப்புகளின் இயற்கணிதப் பாடத்தைச் சீர்செய்தார். கோடை விடுமுறையில் அருகிலிருந்த கல்லூரியில் சிறப்பு வகுப்புகள் நடத்தினார். உடன் பணிபுரிந்த ஆசிரியர்களும் தலைமையாசிரியர் ஹென்றி கிராடியாசும் துணை நின்றனர். 1987இல் இப்பள்ளியில் நூற்றுக்கும் மேற்பட்டோர் நுண்கணிதத் தேர்வை எழுதினர். தலைமையாசிரியர் மாறி, 1991இல் எஸ்கலான்டேயும் விலகிய பின் அந்த எண்ணிக்கை நிலைக்கவில்லை. மேல்வகுப்பில் உயர்ந்த பாடத்தை வைத்தால் மட்டும் போதாது, அதற்கான அடித்தளம் கீழ்வகுப்பிலேயே போடப்பட வேண்டும் என்பதற்குக் கார்ஃபீல்டின் ஏற்றமும் இறக்கமும் சான்று.

வாய்ப்பில் ஏற்றத்தாழ்வு

ஏ.பி. பாடங்களில் பெறும் தரத்துக்குப் பல பள்ளிகள் கூடுதல் மதிப்பு அளிக்கின்றன. கல்லூரிச் சேர்க்கையிலும் அப்பாடங்கள் கவனிக்கப்படுகின்றன. எனவே, இப்பாடங்கள் இல்லாத பள்ளியில் படிக்கும் மாணவர், தம் தவறு ஏதுமின்றியே போட்டியில் பின்தங்குகிறார்.

1999இல் கலிபோர்னியாவின் இங்கிள்வுட் நகரப் பள்ளி மாணவர்கள் சார்பில் அமெரிக்கக் குடிமை உரிமைகள் ஒன்றியம் மாநில அரசுக்கு எதிராக வழக்குத் தொடுத்தது. வசதியான பகுதிப் பள்ளிகளில் இருக்கும் அளவுக்குத் தங்கள் பள்ளியில் ஏ.பி. பாடங்கள் இல்லை என்பதே மாணவர்களின் முறையீடு. ஏழை மாணவர்களின் தேர்வுக் கட்டணத்துக்கு நடுவணரசும் மாநில அரசுகளும் உதவத் தொடங்கின. இன்று ஒரு தேர்வுக்குச் சுமார் 100 டாலர் கட்டணம்; வருமானம் குறைந்த குடும்பத்து மாணவர்களுக்குச் சலுகை உண்டு.

2013இல் பள்ளிப் படிப்பை முடித்த அரசுப் பள்ளி மாணவர்களில் 10 இலட்சத்துக்கும் மேற்பட்டோர், அதாவது ஏறத்தாழ மூன்றில் ஒருவர், குறைந்தது ஓர் ஏ.பி. தேர்வையாவது எழுதியிருந்தனர்.

எதிர்ப்பும் மாற்று வழிகளும்

திட்டம் பரவியபோது அதன் தரம் பற்றிய ஐயமும் எழுந்தது. பெயர் மட்டும் ஏ.பி. ஆகவும் பாடம் சாதாரணமாகவும் இருக்கக் கூடாது என்பதற்காக, 2007 முதல் ஒவ்வொரு பள்ளியும் தன் பாடத்திட்டத்தை அனுப்பி ஒப்புதல் பெற வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. டார்ட்மத் கல்லூரி, 2014இல் சேர்ந்த மாணவர்கள் முதலாக ஏ.பி. தேர்வுக்குக் கிரெடிட் தருவதை நிறுத்தியது. 2018இல் வாஷிங்டன் வட்டாரத்தின் 8 தனியார் பள்ளிகள், ஏ.பி. பாடங்களைக் கைவிட்டுச் சொந்தப் பாடங்களை நடத்தப்போவதாக அறிவித்தன. இத்திட்டம் யாரிடமிருந்து தொடங்கியதோ, அத்தகைய பள்ளிகளே அதிலிருந்து விலகியது கவனிக்கத்தக்கது. மறுபுறம், இல்லினாய் போன்ற மாநிலங்கள் 3 மதிப்பெண் பெற்றவருக்கு அரசுக் கல்லூரிகள் கிரெடிட் தர வேண்டும் எனச் சட்டம் இயற்றின.

இதற்கு இணையாக இரட்டைச் சேர்க்கை முறையும் வளர்ந்தது. இதில் பள்ளி மாணவர் ஒரு கல்லூரியின் பாடத்திலேயே சேர்ந்து படிக்கிறார். ஒரே நாள் தேர்வை நம்பாமல், பருவம் முழுவதும் செய்த வேலைக்காகக் கிரெடிட் பெறுகிறார். 1985இல் மின்னசோட்டா மாநிலம் பள்ளி மாணவர்கள் இவ்வாறு கல்லூரியில் படிக்கச் சட்டம் இயற்றி வழிகாட்டியது.

படித்ததையே ஒரு மாணவர் மீண்டும் படிக்கக் கூடாது என்பது 1951ஆம் ஆண்டின் கவலை. நல்ல கணக்கு ஆசிரியரோ ஆய்வுக்கூடமோ இல்லாத பள்ளியில் அந்தப் பாடம் ஒருமுறைகூடச் சரியாகக் கிடைப்பதில்லை என்பது பின்னர் தெரியவந்த குறை. முதல் கவலைக்கு ஒரு தேர்வு தீர்வாக அமைந்தது. இரண்டாவது குறையைத் தேர்வால் மட்டும் தீர்க்க முடியாது. ஆசிரியர் பயிற்சியும் கீழ்வகுப்புக் கல்வியும் சீராக வேண்டும்.